வைக்கட்டுங்களா?

காலை ஒன்பதரை மணி. ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. குனிந்து உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பட்டும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. புறாக்கூண்டு மாதிரி அறை அறையாகத் தடுத்திருக்கிறார்கள். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் தன் போனை ஓர் அறையில் வைத்துவிட்டு, எண் போட்ட பித்தளை வில்லையை வாங்கிச் செருகிக்கொண்டு அவரவர் செக்ஷனுக்குப் போகிறார்கள். மொத்தம் 38 அறைகள். கடையில் அதற்குப் பெயர் ‘கூண்டு’.

நானும் என் போனை நீட்டினேன். “உங்களது வேணாம்க்கா, நீங்க பத்திரிகை” என்றார் கூண்டுக்குக் காவல் இருந்த அண்ணன். “இன்னிக்கு ஒரு நாள் நானும் ஸ்டாஃப்தான்” என்று வீறாப்பாகச் சொன்னேன். வாங்கி 23-ம் அறைக்குள் போட்டார். படியேறி முடிப்பதற்குள் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

மதுரை. விளக்குத்தூணிலிருந்து கூப்பிடு தூரம். கடையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பெயர் போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் முதலாளி என்னைக் கவுண்டருக்கு உள்பக்கம் விட்டார். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வெளியே ஐப்பசித் தூறல், உள்ளே சாம்பிராணிப் புகை, மெத்தையில் விரிக்கப்போகும் வெள்ளைத் துணியின் கஞ்சி வாசனை. இத்தனை வருஷம் மெத்தைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ‘அதை எடுங்க, இதைப் பிரிங்க’ என்று அதிகாரம் பண்ணியவள் முதல்முறையாக அந்தப் பக்கம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நாமெல்லாம் எப்படித் தெரிகிறோம் தெரியுமா? பாதிப் பேருக்கு முகமே தெரிவதில்லை. ஒரு கன்னத்தில் போன் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு முதல் பாடம் எடுத்தவர் சுங்குடி செக்ஷன் அக்கா. பாடம் ஒரே ஒரு சொல்: ‘சொல்லுங்க.’

கடைக்கு வருகிறவரை ‘வாங்கக்கா’ என்பதா, ‘வாங்கம்மா’ என்பதா என்பதே ஒரு தனிக் கலையாம். நரை தெரிகிறதே என்று ‘அம்மா’ போட்டால் சிலருக்கு முகம் சுண்டிவிடும். ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டால் அன்றைக்கு அந்தக் கவுண்டரில் போணி ஆகாது. சந்தேகம் வந்தால் அக்கா. அறுபதைத் தாண்டியவரும் அக்காவுக்குக் கோபித்துக்கொண்டதாக வரலாறு இல்லை. ஆனால் போனில் முகம் ஏது? புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, கீச்சுக்குரலில் பேசிய ஒருவரிடம் பத்து நிமிடம் ‘மேடம், மேடம்’ என்று உருகியிருக்கிறான். கடைசியில் பில்லுக்குப் பெயர் கேட்டபோது அவர் சொன்ன பெயரில் மீசை இருந்தது! அன்றிலிருந்து சட்டம்: ஆளைத் தெரிகிற வரை ‘சொல்லுங்க.’ அதில் ஆண் பெண் இல்லை, வயது இல்லை, மரியாதை மட்டும் இருக்கிறது. கடைசி ‘ங்க’ போதும், தாசில்தாரும் உட்காருவார், தயிர்க்காரம்மாவும் உட்காருவார். ஹலோவுக்கு நாம் கண்டுபிடித்த மாற்று என்று இதைத்தான் சொல்வேன். ஹலோ ‘நீ இருக்கிறாயா’ என்று மட்டும் கேட்கும். சொல்லுங்க ‘நான் கேட்கத் தயார்’ என்கிறது.

பத்தேகாலுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. அப்போதுதான் கவனித்தேன், பட்டு செக்ஷனில் ஒருவர் தன் காது மடலைத் தொட்டுத் தொட்டு விட்டார். கொசுவோ என்று நினைத்தேன். எதிர்க் கவுண்டர்காரர் தலையசைத்தார். ஐயோ, சங்கேதம்! காதைத் தொட்டால் ‘பட்டன் பார்ட்டி’ என்று அர்த்தமாம். வாடிக்கையாளரைப் பார்ட்டி என்பது ஜவுளிக்கடைப் பழக்கம். பட்டன் என்பது காதுக்குள் செருகுகிற அந்த வெள்ளைக் குமிழ். தலைமுடி மறைத்துக்கொண்டால் இவர் நம்மிடம் பேசுகிறாரா, காற்றிடம் பேசுகிறாரா என்று தெரியாது. தெரியாமல் பதில் சொல்லி மாட்டிக்கொள்ளாதே என்று சகாக்களுக்குச் செய்தி.

சங்கேதம் பிறந்த கதையைக் காட்டன் செக்ஷன் தம்பியே வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். போன வருஷம், இதே சீசன். ஒரு இளம்பெண் புடவைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறார், “சாப்டியா?”

“இன்னும் இல்லக்கா, ரெண்டு மணிக்குத்தான் எங்க பந்தி.”

“ஏன் இப்படிப் பட்டினி கிடக்குற? உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பையன். வேலைக்குச் சேர்ந்த நாலு மாதத்தில் ஒரு பார்ட்டி கேட்ட முதல் நல்ல வார்த்தை. “பழகிருச்சுக்கா” என்றானாம் தழுதழுத்து. அடுத்து வந்தது: “சரிடா தங்கம், அழாம இரு. அம்மா சாயந்தரம் வந்து மம்மு ஊட்டுறேன்.”

அந்தப் பெண் நிமிர்ந்து இவன் முகத்தைப் பார்த்து, முடியை ஒதுக்கிக் குமிழைக் காட்டி, இருவரும் ஒரு நொடி உறைந்து, பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மூன்று கவுண்டர் திரும்பிப் பார்த்ததாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பில் போட்டுவிட்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து, குமிழைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “நிஜமாவே இன்னும் சாப்பிடலையா தம்பி?” என்று கேட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது தம்பி என்னைப் பார்க்கவில்லை. ஒரு காட்டன் புடவையின் மடிப்பை, ஏற்கெனவே நேராக இருந்ததை, இன்னொரு தரம் நேராக்கினான்.

மடிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டதிலேயே என்னைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது இதுதான். பார்ட்டி போனில் பேசினால் விற்பனையாளருக்குக் கோபம் வரும் என்றுதானே நினைப்போம்? வராது! நிம்மதி வரும். ஒருவருக்கு முப்பது புடவை பிரித்துப் போட்டால் முப்பதையும் திரும்ப மடித்தாக வேண்டும். பட்டு என்றால் பழைய மடிப்பின் தடத்திலேயே மடிக்க வேண்டும். பார்ட்டி நம்மிடமே பேசிக்கொண்டிருந்தால் மடிக்க நேரம் ஏது? போன் மணி அடித்ததோ, பட்டு செக்ஷன் அண்ணாச்சியின் கை வேலையை ஆரம்பித்துவிடும். முந்தியைப் பிடித்து ஒரு உதறு, இரண்டு விரலால் ஒரு நீவு, உள்ளங்கையால் ஒரு தட்டு. ஒரு அம்மாள் தன் நாத்தனாரைப் பற்றி ஏழு நிமிடம் போனில் குறை சொல்லி முடிப்பதற்குள் பதினான்கு புடவை ரேக்கில் ஏறிவிட்டது. நான் எண்ணினேன். நாத்தனார் இன்னும் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் மெத்தையே காலியாகியிருக்கும்.

அவர்களுக்குக் கோபம் வருவது வேறு ஓர் இடத்தில். புடவையைத் தோளில் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு, போட்ட அந்த நொடியில் போனை எடுத்துப் பேசத் தொடங்குகிறவர்கள் உண்டு. போட்டதை எடுக்கவும் முடியாது, வேறு வேலை பார்க்கவும் முடியாது. ஜவுளிக்கடைப் பொம்மை போல நிற்க வேண்டியதுதான். இதைக் கேட்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு வருஷம் முன்னால், வேறொரு ஊரில், வேறொரு கடையில், மெரூன் பட்டைத் தோளில் போட்டு நின்ற ஒரு பெரியவரை நிற்கவைத்துவிட்டு, என் சித்தி மகனின் ஜாதகப் பொருத்தத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினவள் நான்தான். கண்ணாடியில் அவர் தெரிந்தார். தெரிந்தும் பேசினேன். இதைச் சபையில் ஒப்புக்கொண்டேன். “அய்யோ அக்கா, அதுக்குப் பேரு ‘சாமி அலங்காரம்’. எங்க எல்லாருக்கும் நடந்திருக்கு” என்று ஆறுதல் சொன்னார் சுங்குடி அக்கா. ஆறுதலாக இல்லை.

நிற்பது என்றதும் ஸ்டூலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ பார்த்துவிட்டு 2010-ல் நாமெல்லாம் மூக்கைச் சிந்தினோமே, அதற்குப் பதினோரு வருஷம் கழித்து வந்த ஸ்டூல். இந்தக் கடையிலும் கவுண்டருக்கு இரண்டு போட்டிருக்கிறார்கள். சரி, பார்ட்டி எதிரே இருந்துகொண்டு போன் பேசுகிறார், அப்போது உட்காரலாமா? சாப்பாட்டு நேரத்தில் இதற்கு ஒரு பட்டிமன்றமே நடந்தது. ‘அவங்க நம்மகிட்ட பேசல, அப்ப உக்காரலாம்’ என்று இளவட்டம். ‘அவங்க வச்சவுடனே நாம எந்திரிக்கிறது தெரியக் கூடாது, அதனால பாதி உக்காரணும்’ என்று பெரியவர்கள். பாதி உட்காருவது எப்படி என்று அண்ணாச்சி செய்து காட்டினார். ஒரு தொடை ஸ்டூலில், ஒரு கால் தரையில், கை மடித்துக்கொண்டே இருக்கிறது. பரதநாட்டியத்தில்கூட இப்படி ஒரு நிலை இருக்குமா தெரியவில்லை.

பதினொன்றரைக்கு வந்தது அன்றைய பெரிய காட்சி. கல்யாணப் பட்டு! அம்மா, மகள், ஒரு பெரியம்மா மூவரும் மெத்தையில். கூடவே, மகளின் கையில் இருந்த போனுக்குள் துபாயிலிருந்து மதினி, கோயம்புத்தூரிலிருந்து அக்கா, இன்னும் சேர முயன்று சேர முயன்று விழுந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா. மகள் போனை அண்ணாச்சியிடம் நீட்டினாள். அண்ணாச்சி பட்டு செக்ஷனில் நாற்பது வருஷம். இரண்டு கையாலும், பச்சைக் குழந்தையை வாங்குவது போல வாங்கினார். திரையைப் பார்த்து, சற்றே குனிந்து, “வாங்கம்மா, வாங்க” என்றார். ஆமாம், போனைக் கடைக்குள் வரவேற்றார்! துபாயில் ஒரு சோபாவில் இருந்த மதினி சட்டென்று கால் மடக்கி நேராக உட்கார்ந்தார். எனக்குத் திரையை எட்டிப் பார்க்கக் கிடைத்த அரை நொடியில் அதுதான் தெரிந்தது.

முதலில் வெள்ளை வேட்டி ஒன்றைப் பிரித்துப் புடவைக்குப் பக்கத்தில் போட்டார். எதற்கு என்று கேட்டேன். போன் கேமரா இருக்கிறதே, அது தானாகவே நிறத்தைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று அரக்கைச் சிவப்பாக்கும், மாம்பழ மஞ்சளைச் சந்தனமாக்கும். பக்கத்தில் வெள்ளை இருந்தால் கொஞ்சம் அடங்கும், பார்க்கிறவருக்கும் ஒப்பிட ஆதாரம் இருக்கும். அதற்கும் மசியாதது மயில்கழுத்து. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் ஓட்டி நெய்தது, சாய்க்கச் சாய்க்கப் பச்சையும் நீலமுமாகப் புரளும். கேமராவோ ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு சாதிக்கும். அண்ணாச்சி புடவையின் ஒரு நுனியைத் தூக்கி, காற்றில் மெல்ல அலைபோல ஆட்டிக்கொண்டே, “இது பச்சையும் இல்ல, நீலமும் இல்ல மதினி. ரெண்டுக்கும் நடுவுல ஓடிக்கிட்டே இருக்கும். அங்க உங்களுக்குப் பச்சையாத் தெரியும். கையில வரும்போது நீலமா இருக்கேன்னு என்னைத் திட்டக் கூடாது” என்றார். மதினி என்று அவர் கூப்பிட்டதைக் கவனியுங்கள். மகள் ஒருமுறை ‘மதினி’ என்றாள், அவ்வளவுதான், அண்ணாச்சிக்கும் அவர் மதினி ஆகிவிட்டார்.

இனி நான் சொல்லப்போவதைக் கவுண்டருக்கு வெளியே இருந்து பார்த்திருந்தால் தவறவிட்டிருப்பேன். கேமராவுக்கு முன்னால் ஒவ்வொரு புடவையையும் கொண்டுவருவதற்கு முன், அண்ணாச்சியின் கட்டைவிரல் விலைச் சீட்டை மடிப்புக்குள் தள்ளியது. ஒவ்வொரு தடவையும். வாயால் விலை சொல்லவே இல்லை. பெரியம்மா “என்ன விலைங்க?” என்று கேட்டபோதும், கால்குலேட்டரில் அழுத்தி, அதை அம்மாவின் பக்கம் மட்டும் திருப்பிக் காட்டினார். அம்மாதான் காசு கொடுப்பவர். மாப்பிள்ளை வீட்டம்மா எந்த நொடியிலும் திரைக்குள் வந்து விழலாம். மகளுக்கு எடுத்தது எவ்வளவு, சம்பந்திக்கு எடுத்தது எவ்வளவு என்று ஒரு சீட்டு தெரிந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டில் பத்து வருஷத்துக்குப் பேச்சு ஓடும். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையாம். “வீடியோ காலே இப்ப வந்ததுதானேம்மா. ஆனா சம்பந்தி முன்னாடியே இருக்காங்கல்ல?” என்றார்.

அதற்கிடையே நடந்த ஒரு சின்னக் கூத்து. ரெடிமேட் செக்ஷனிலிருந்து அன்றைக்குத்தான் பட்டுக்கு மாற்றலாகி வந்திருந்த ஒரு பையன், கவுண்டர் போனை எடுத்தான். “எம்.எஸ். ப்ளூ இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்கள். “எம் இருக்கு மேடம், எல் இருக்கு, எக்ஸ்எல் இருக்கு. எம்எஸ் சைஸ் வரல” என்று பவ்யமாகச் சொன்னான். அண்ணாச்சி பாய்ந்து போனைப் பிடுங்கிய வேகத்தில் வயது பாதியாகிவிட்டது. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் கொண்டுவந்த அந்த நீலத்தைப் பற்றிப் பையனுக்கு மத்தியானம் முழுக்கப் பாடம் நடந்தது. பையன் கடைசியில் கேட்டானாம், “அவங்க நம்ம கடைக்கு வந்திருக்காங்களா அண்ணாச்சி?”

மூன்றாவது மாடியில் பழைய குடோனைக் காலி செய்து ‘வாட்ஸ்அப் ரூம்’ ஆக்கியிருக்கிறார்கள். வட்ட விளக்கு, மூன்று போன், இரண்டு பெண்கள். வியாபாரத்துக்கென்று தனி வாட்ஸ்அப் 2018-ல் வந்தபோது முதலாளி, ‘கடைக்கு வராமல் எவன் பட்டு வாங்குவான்’ என்றாராம். இப்போது கூண்டில் அடைபடாத போன்கள் கடையிலேயே இந்த மூன்றுதான். காலையில் திறந்தால் முதலில் வந்து நிற்பவை பூப்போட்ட குட்மார்னிங்குகள். அடுத்து ‘ஹாய்’கள். ஹாய் போட்டுவிட்டு அடுத்த வார்த்தை எழுதாமல் போனவர்கள் அன்றைக்கு மட்டும் பத்தொன்பது பேர். பேயடித்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடுவது மாதிரி! நள்ளிரவு 1.40-க்கு ஒருவர், “இந்தப் புடவைய நான் கட்டுனா நல்லா இருக்குமா? உண்மையச் சொல்லுங்க” என்று கேட்டிருந்தார். படம் அனுப்பவில்லை. மூத்தவள் கொஞ்சம் யோசித்து, “உங்களுக்குப் பிடிச்சதுன்னாலே பாதி நல்லா இருக்கும்க்கா. மீதிக்கு ஒரு போட்டோ அனுப்புங்க” என்று தட்டினாள். இவளுக்குச் சம்பளத்தை உயர்த்துங்கள் முதலாளி!

‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். தெரிந்தும், ‘ஆகட்டும்க்கா, மெதுவாக் கேளுங்க’ என்று மட்டும்தான் பதில் போக வேண்டும். மறுநாள் ‘கேட்டாச்சா?’ என்று துரத்தக் கூடாது. இல்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற ஊர் நம்முடையது. அந்தக் கூச்சத்துக்கு இடம் விடுவதுதான் கடைக்காரரின் பங்கு. இன்னொரு விதி, குரல்பதிவை ஸ்பீக்கரில் போடக் கூடாது. ஏன் என்று கேட்டதும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் குரல்பதிவு அறை முழுக்க ஒலித்தது: “ஏம்மா, அந்தக் கல்லாவுல உக்காந்திருக்காரே ஒரு பெருசு, அவரு பத்து ரூபா குறைக்கணும்னாலும் உசிரை விட்டுருவாரு. அவருக்குத் தெரியாம நீயே குறைச்சுப் போடு.” அந்தப் பெருசு அப்போது கதவருகே நின்றிருந்தார். “இருநூறு குறைச்சுப் போடுமா, உசிரு இன்னும் இருக்குன்னு சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாராம்.

சிரிப்புக்கு நடுவே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆரம்பத்தில் இந்தப் பெண்களே புடவையைத் தோளில் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார்கள். இரவு பதினொன்றுக்கு மேல், ‘புடவை வேணாம், போட்டோல இருக்கறவங்க பேரு?’ என்று வர ஆரம்பித்தது. இப்போது படத்தில் கை மட்டும்தான். அப்படி அனுப்புகிறவர்களுக்கு ஒரே ஒரு பதில், முதலாளியின் லேண்ட்லைன் எண்: ‘இதுல கூப்பிட்டுக் கேளுங்க.’ இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. நல்ல வாடிக்கையாளர்களுக்கோ அந்தக் கைகள் அத்துப்படி. ‘பச்சைக் கண்ணாடி வளையல் அக்காவையே எடுத்துக் காட்டச் சொல்லுங்க’ என்று கேட்டு வாங்குகிறார்களாம்.

அந்த லேண்ட்லைன்! கல்லாவுக்குப் பக்கத்தில், சிவப்பு வெல்வெட் துணி விரித்து, சாமி படத்துக்கு வைத்த பூவில் ஒரு கிள்ளு தனக்கும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மதராஸுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882 ஜனவரியில். அது மதுரையில் இந்த வீதிவரைக்கும் நடந்து வந்து சேர்ந்தபோது, வரிசைக்கு ஒரு கடையில்தான் போன். அக்கம்பக்கத்தார் கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் ‘பி.பி.’ என்று போட்டு இந்தக் கடையின் எண்ணைத்தான் அச்சடிப்பார்களாம். மணி அடிக்கும், ‘கொஞ்சம் லைன்ல இருங்க’ என்று ரிசீவரைப் படுக்கவைப்பார்கள், கடைப் பையன் நாலு வீடு தள்ளி ஓடுவான், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஒரு அம்மா மூச்சிரைக்க வருவார். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று முகத்தைப் பார்க்காமல், கடை மொத்தமும் திரும்பி நின்று புடவை மடிக்கும். “அதுதாம்மா அன்னைக்கு போன் மரியாதை. காதைப் பொத்த முடியாது. கண்ணையாவது திருப்பிக்கணும்” என்றார் முதலாளி.

அவர் போனைக் கையாளுகிற விதத்தை நான் ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். முதல் மணியில் எடுக்க மாட்டார். ‘பறக்கிறான்னு நினைப்பாங்க.’ மூன்றாவது மணியைத் தாண்ட விடமாட்டார். எடுத்ததும் கடைப் பெயர், வணக்கம், பிறகு அந்தச் ‘சொல்லுங்க.’ எதிரே பில்லுக்கு யாராவது நின்றால் அவரைப் பார்த்து ஒரு விரலைக் காட்டி, கண்ணால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் காதில் வைப்பார். முடிக்கும்போதுதான் விசேஷம். “வைக்கட்டுங்களா?” என்று கேட்டு, எதிர்முனை ‘வைங்க’ என்று உத்தரவு கொடுத்து, அங்கே டொக் என்று வைத்த சத்தம் கேட்ட பிறகே இவர் வைப்பார். கடைக்காரன் முதலில் வைக்கக் கூடாது.

இப்போது சிக்கல் என்னவென்றால் செல்போனில் டொக் இல்லை. அவரைப் போலவே வளர்ந்த ஒரு சோழவந்தான் வாடிக்கையாளர் கூப்பிட்டார். “வைக்கட்டுங்களா?” “வைங்க.” “நீங்க வைங்க.” “அட, நீங்க வைங்கண்ணே.” அமைதி. “இருக்கீங்களா?” “இருக்கேன், நீங்க வைக்கலையா?” நான் கல்லாவுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். முதலாளி தன் வாழ்நாளில் முதலில் வைத்த காலம் ஒன்றே ஒன்றுதானாம். 1995-ல் இந்தியாவுக்குச் செல்போன் வந்ததிலிருந்து 2003 வரை, வருகிற அழைப்புக்கும் காசு பிடித்தார்களே, அப்போது. ‘லேண்ட்லைன்ல வாங்க’ என்ற இரண்டே வார்த்தையோடு வைத்துவிடுவார். “அந்தப் பாவத்துக்குத்தான் இப்ப வைக்க முடியாமக் கிடக்கேன்.”

பில் கவுண்டரில் ஒரு நுணுக்கம். ‘போன் நம்பர் சொல்லுங்க’ என்று உரக்கக் கேட்பதை இங்கே நிறுத்திவிட்டார்கள். வரிசையில் பின்னால் நிற்பவன் காதிலும் பத்து எண் விழுகிறதே! பில் போடுகிற பெண், கீ-பேடை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைக்கிறாள். வேண்டுமானால் அவரே தட்டலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறையே கடைகளுக்குச் சொன்னது. நிறையக் கடைகளுக்கு இன்னும் காது கேட்கவில்லை. காசு அனுப்பிவிட்டு வாடிக்கையாளர் திரையைக் காட்டும்போதும், அவள் பார்வை பச்சை டிக்கில் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. மேலே வந்து விழுகிற மெசேஜ், பின்னால் இருக்கிற குடும்பப் படம், எதிலும் நிற்பதில்லை. மின்சாரக் கம்பியில் குருவி உட்கார்ந்து எழுவது போல அவ்வளவு லேசு. காசு வந்ததும் ‘பெறப்பட்டது’ என்று ஒரு பெட்டி கத்துகிறதே, அது வந்தது தனக்குப் பெரிய விடுதலை என்றாள்.

ரெண்டு மணிப் பந்திக்கு நான் கீழே வந்தபோது கூண்டு கச்சேரி பண்ணிக்கொண்டிருந்தது. ஒரு அறையில் நாயனம், ஒரு அறையில் கந்த சஷ்டி, ஒரு அறையில் குழந்தை ஒன்று ‘அப்பா போனை எடு, அப்பா போனை எடு’ என்று பதிவுக் குரலில் கெஞ்சுகிறது. காவல் அண்ணனுக்கு எல்லாம் பரிச்சயம். “11-ம் நம்பர், மாமியாரு. 30-ம் நம்பர், லோன்காரன். 7-ம் நம்பர் இன்னைக்கு நாலு தடவ அடிச்சிருச்சு, அது எப்பவும் அடிக்காது” என்று சொல்லிக்கொண்டே எழுந்து, 7-ஐ மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினார். நல்லவேளை, சிலிண்டர் வந்த சேதிதான். கூண்டு சரியா தப்பா என்று என்னைக் கேட்டால், தப்பு என்றுதான் சொல்வேன். வயசுக்கு வந்தவர்களிடம் போனைப் பிடுங்கி வைப்பது பள்ளிக்கூட வேலை. ஆனால் அந்தப் படியேற்றத்தைப் பார்த்த பிறகு அவ்வளவு கறாராகச் சொல்ல வாய் வரவில்லை.

இரவு பத்தே கால். ஷட்டர் பாதி இறங்கியது. கூண்டுக்கு முன்னால் வரிசை, வில்லைகள் விழுகிற சத்தம், முகங்களில் நீல வெளிச்சம். எனக்கு 61 மெசேஜ். அதில் 40 சித்தி. அண்ணாச்சி தன் பழைய பட்டன் போனை வாங்கி, வாசல் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பாதத்தை அமுக்கிக்கொண்டே வீட்டுக்குப் போட்டார். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

“சொல்லுங்க” என்றார் அண்ணாச்சி, இன்னும் அதே கடைக் குரலில்.

அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது. பஸ்ஸு, மாத்திரை, பேத்தி என்று ஏதேதோ ஓடியது. அண்ணாச்சி ‘உம்’ கொட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், பழக்க தோஷம்தான், “சரி, வைக்கட்டுங்களா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வைங்க, வைங்க” என்றது அந்தக் குரல். “பில்லு போட்டுட்டு வந்து சேருங்க.”